முப்பதுக்குப் பிறகு

பெட்டியின் மேல் பெயர் இல்லை.
ஷூவின் நாக்குக்கு உள்பக்கம் ஓர் எண்,
சிறையில் தருவது போல.
உருளைக்கிழங்குக்குப் பழகிய தராசில் வைத்தேன்:
இடது நூற்றுத் தொண்ணூற்றெட்டு கிராம்,
வலது இருநூறு.
அந்த இரண்டு கிராம்
தராசின் பொய்யா, ஷூவின் பொய்யா, தெரியவில்லை.

உடன் நான்கு பக்கப் படிவம்.
வேகப் பயிற்சிக்கும் இதுவே, பந்தயத்துக்கும் இதுவே என்கிறார்கள்.
உரலுக்கு ஒரு பக்கம்தான் இடி.
இது மத்தளம்.

திங்கள், தொமெபாம்பா ஆற்றங்கரை.
இரவு மழையில் புல் சொதசொதவென்று கிடந்தது.
நானூறு மீட்டர், பன்னிரண்டு முறை.
முன்பாதம் ஊன்றியதும்
வாங்கியதை உடனே திருப்பித் தருகிறது,
நாணயமான கடன்காரன்.
திருப்பத்தில் மட்டும் குதிகால் கொஞ்சம் நழுவுகிறது.
எழுதினேன்: கயிற்றை ஏழாவது துளைவரை கட்டினால் சரி.
கல்லில் துணி துவைத்த ஒருத்தி நிமிர்ந்து
என் முகத்தை அல்ல, பாதத்தைப் பார்த்தாள்.
அவ்வளவு வெள்ளை.

வியாழன், பழைய நகரத்தின் கல் பாவிய தெரு.
ஈரக் கல்லில் ஷூ வழுக்கவில்லை, நான்தான் பயந்தேன்.
பயத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

சனி, கஹாஸ் போகும் மலைச்சாலை,
இருபத்தெட்டு கிலோமீட்டர், பாதிக்குமேல் மூடுபனி.
கூட ஓடிய வில்மர் தெனெசாகா
என்னைப் பார்க்க முடியாமல் காதால் சொன்னான்:
"களைத்ததும் உன் வலது கால் சத்தமாகப் பேசுகிறது."
எழுதினேன்: இருபத்திரண்டுக்குப் பின் வலது உள்விளிம்பு சாய்கிறது.
சாய்ந்தது ஷூவா காலா என்று எழுதவில்லை.

பதினான்காம் கேள்வி:
பந்தயத்தின் கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டரில்
எப்படி இருந்தது?

நான் வேகம் பிடித்துக் கொடுக்கிறவள்.
முப்பதுவரை முன்னே ஓடி,
மற்றவர்களுக்கான காற்றை என் நெஞ்சில் வாங்கி,
ஓரமாக ஒதுங்குவது வேலை.
நானூறு டாலர்.
ஒன்பது மாரத்தான் தொடங்கியிருக்கிறேன்.
ஒன்றின் முடிவுக்கோட்டையும் ஓடிக் கடந்ததில்லை.
பையை எடுக்கப் போகும்போது
வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன்.

காலியாக விடலாம்.
விட்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

குவாயாகில். விடியும்போதே காற்று ஈரத் துண்டு.
என் முதுகுக்குப் பின்னால் மூன்று பேர்.
கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம் முப்பத்தைந்து,
தையல்காரர் நாடாவைப் போல மாறாமல்.
முப்பதில் ஆரஞ்சுச் சட்டைக்காரர்
கையை வலப்பக்கம் நீட்டினார்.
கால் பழக்கத்தில் ஒதுங்கப் போனது.
பிறகு ஒதுங்கவில்லை.

யெசெனியா சாம்பிரானோ ஒருமுறை பக்கவாட்டில் பார்த்தாள்,
சம்பளம் கொடுத்த பின்னும்
வாசலில் நிற்கிற ஆளைப் பார்ப்பது போல.
முப்பத்து மூன்றில் அவள் முதுகு சின்னதாகிவிட்டது.

பதினான்காம் கேள்விக்கு இரண்டு வரி இடம்தான்.
ஓரத்தில் ஏறி, பின்பக்கத்திலும் எழுதினேன்:

முப்பத்தாறுவரை திருப்பித் தந்தது.
அதன்பின் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை,
ஷூவைக் குற்றம் சொல்ல முடியாது.
புதுச்செருப்பு கடிக்கும் என்பார்கள்.
இது இருநூறு கிலோமீட்டர் பழகிவிட்டு
முப்பத்தெட்டில் கடித்தது, இடது சுண்டுவிரலில்.
நாற்பதில் நடந்தேன்,
தண்ணீர் மேசையிலிருந்து ஒரு மின்கம்பம்வரை.
இது உங்களுக்குத் தேவையா தெரியாது.
கோட்டில் விரித்திருந்த பாய் நீல நிறம்.
அதில் பிடிமானம் நன்று.

பத்துக்கு எட்டு.

திருப்பி அனுப்ப வேண்டும்,
ரம்பத்தால் நடுவே அறுத்துப் பார்ப்பார்களாம்.
கழுவ வேண்டாம் என்று குறிப்பு.
கழுவவில்லை.